இதயத்தை நிறுத்துற மருந்து ரத்தக் குழாயை எரிச்சிடுமா?

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு தங்கச்சி நீளமா லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு வேணாம்னு கேட்டிருக்காங்க, ஆள் தெரியிற மாதிரி இருந்த ரெண்டு மூணு விவரத்தையும் மாத்திட்டேன். விஷயம் இதுதான். அவங்க அப்பாவுக்கு 64 வயசு, துணி ஃபேக்டரில முப்பது வருஷம் வேலை பாத்தவரு, 15 வருஷமா சுகர், சிகரெட்ட விட்டு நாலே மாசம் ஆகுது. படி ஏறுனா நெஞ்ச இறுக்குதுன்னு போயி ஆஞ்சியோ பண்ணா மூணு குழாய்லயும் அடைப்பு, ஹார்ட் பம்ப்பிங் 45 சதவீதம். பைபாஸ் பண்ணணும்னு சொல்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டேட்டும் குடுத்துட்டாங்க. அந்த நேரம் பாத்து சென்னைல இருக்கற சித்தப்பா மகன் ஒரு வாட்ஸப் மெசேஜ அனுப்பியிருக்காரு. ஆபரேஷன்ல ஹார்ட்ட நிறுத்த ஊத்தற பொட்டாசியமும் அமெரிக்கால மரண தண்டனைக்கு போடற ஊசியும் ஒண்ணுதான், அது ஹார்ட்டோட ரத்தக் குழாய உள்ளயே எரிச்சிடும், பைபாஸ் பண்ணவங்களுக்கு மறுபடி அடைப்பு வர்றதே அதாலதான், ஜெர்மன் சொல்யூஷன் குடுத்தா மட்டும் சம்மதிங்க, இல்லன்னா கையெழுத்து போடாதீங்கன்னு. இத படிச்சிட்டு, அப்பாகிட்ட மெசேஜ காட்டாமலே, இவங்க ஒரு டேட்ட தள்ளி வெச்சாச்சு. இப்ப ரெண்டாவது டேட் வந்திருக்கு.

இது நிஜமா, மகளா நான் கையெழுத்து போடாம நிறுத்தி வைக்கலாமா, ஹார்ட்ட நிறுத்தாம பண்ண முடியாதா, ஸ்டெண்ட் போதாதா, வாழைப்பழம் குடுக்கலாமா, தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுக்கலாமான்னு வரிசையா கேட்டிருக்காங்க. கடைசில ஒரு வரி, 86 வயசு ஆயா தமிழ்ல கேட்டதாம்: "நின்ன நெஞ்சு திரும்ப அடிக்குமா?"

தங்கச்சி, ஆயா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா வீட்ல எல்லாரோட பயமும் அந்த ஒரு வரிலதான் இருக்கு. அடிக்கும். ஆபரேஷன் தியேட்டர்ல பேஷண்ட்டோட தலைமாட்டுல நிக்கற மயக்க டாக்டர் நான், மதுரைல படிச்சிட்டு இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நிமிஷத்த எத்தனையோ தடவை பாத்துட்டேன், இன்னிக்கும் அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் காதுல விழாது. உடம்போட ரத்த ஓட்டம் ஹார்ட்-லங் மெஷினுக்கு மாறினதும் சர்ஜன் அயோர்ட்டாங்கற பெரிய குழாய்ல ரத்தம் போகாம இறுக்கிப் பிடிக்கற ஒரு கிளாம்ப் போடுவாரு. கிளாம்புக்கு இந்தப் பக்கம் ஹார்ட் தனியா, அந்தப் பக்கம் மூளை, கிட்னி, கை கால் எல்லாம் மெஷின்ல இருந்து வழக்கம்போல ரத்தம் வாங்கிட்டு இருக்கும். அப்ப மெஷின ஓட்டற பெர்ஃப்யூஷனிஸ்ட் "கார்டியோப்ளீஜியா போகுது"ன்னு சத்தமா சொல்வாங்க. ஹார்ட்ட நிறுத்தற சொல்யூஷனுக்குத்தான் அந்தப் பேரு. ஐஸ் மாதிரி குளிர்ந்த அந்த சொல்யூஷன் கிளாம்புக்கு கீழ இருக்கற ஒரு ஊசிக்குழாய் வழியா ஹார்ட்டோட சொந்த ரத்தக் குழாய்ங்களுக்குள்ள, அதாவது கரோனரிக்குள்ள, போகும். மானிட்டர்ல பச்சைக் கோடு அகலமாகி, துடிப்பு விட்டு விட்டு வந்து, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள நேர்கோடாயிடும். நின்ன ஹார்ட் விறைச்சுக்காது, தூங்கற குழந்தை கை மாதிரி தளர்ந்து கிடக்கும். வேலை முடிஞ்சு கிளாம்ப எடுத்ததும் சூடான ரத்தம் உள்ள பாஞ்சு பொட்டாசியத்த கழுவிட்டு போயிடும், ஒரு நடுக்கம் தெரியும், பல பேருக்கு தானாவே அடிக்க ஆரம்பிச்சிடும், சிலருக்கு சின்னதா ஒரு ஷாக் குடுத்தா போதும்.

அந்த மெசேஜ்ல எது நிஜம், எது இல்ல

ஆபரேஷன் சொல்யூஷன்லயும், அமெரிக்கால சில மாநிலத்துல போடற தண்டனை ஊசிலயும் பொட்டாசியம் குளோரைடு இருக்கு, அத நான் மறுக்கல. ஆனா தண்டனை ஊசில உடம்புக்கே ரத்தம் ஓடறது நிக்குது, ஹார்ட் செய்ய வேண்டிய வேலைய செய்ய வேற எதுவும் இல்ல. இங்க மெஷின் இருக்கு, மருந்து போறது ஹார்ட்டுக்கு மட்டும், அளவு அளந்து, குளிர வெச்சு. நம்ம ரத்தத்துல பொட்டாசியம் சாதாரணமா லிட்டருக்கு 3.5ல இருந்து 5 மில்லிமோல் இருக்கும். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில டேவிட் ஹியர்ஸ் குரூப் 1970கள்ல கண்டுபிடிச்ச சொல்யூஷன்ல அது 16, கூடவே மெக்னீசியமும் 16. இந்த அளவுல செல்லோட மின்சாரம் பாதில நின்னு போயி அடுத்த துடிப்பு கிளம்பாது, அவ்வளவுதான். ஹார்ட் எதுக்கு நிக்கணும்னா, அடிச்சிட்டு இருக்கற ஹார்ட்டுக்கு வேணுங்கற ஆக்சிஜன்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் நின்ன ஹார்ட்டுக்கு தேவை, குளிர வெச்சா இன்னும் குறையும். ரத்தம் வராத அந்த ஒரு மணி நேரத்த அது தாங்கறதே இதாலதான்.

எரிச்சிடும்னு சொல்றாங்களே, அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. 1955ல லண்டன்ல மெல்ரோஸ்ங்கற டாக்டர் முதல்முதலா பொட்டாசியம் சிட்ரேட்ட வெச்சு ஹார்ட்ட நிறுத்தி காட்டினாரு, அவரு போட்ட அளவு இன்னிக்கு போடறத விட பல மடங்கு அதிகம். அதுல ஹார்ட் தசை செத்துப் போறது கொஞ்ச வருஷத்துலயே தெரிஞ்சு போயி எல்லாரும் அத கைவிட்டுட்டாங்க, அப்புறம் பத்து பதினஞ்சு வருஷம் பொட்டாசியம்னாலே சர்ஜனுங்க தொடல. செயின்ட் தாமஸ் சொல்யூஷன் வந்ததே அந்த தப்ப திருத்திதான். அதனால மெசேஜ் எழுதினவரு சொல்றது அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின கதை.

ஆனா தங்கச்சி, "ரத்தக் குழாய்க்கு ஒண்ணுமே ஆகாது"ன்னு நான் சொன்னா அதுவும் பொய்.

குழாயோட உள் தோல்

கரோனரி குழாய்க்கு உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒரு தோல் இருக்கு, எண்டோதீலியம்னு சொல்வோம். வெறும் பெயிண்ட் மாதிரி இருக்கும்னு நினைச்சிடாதீங்க. குழாய் விரியணுமா சுருங்கணுமா, ரத்தம் உறையணுமா வழுக்கிட்டு போகணுமான்னு நொடிக்கு நொடி முடிவு பண்றது அதுதான். விரிய வைக்கறதுக்கு அது மூணு வழி வெச்சிருக்கு. ஒண்ணு நைட்ரிக் ஆக்சைடு (இதுக்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் 1998ல நோபல் குடுத்தாங்க), இன்னொண்ணு ப்ரோஸ்டாசைக்ளின், மூணாவது செல்லுக்குள்ள இருக்கற பொட்டாசியத்த வெளிய விட்டு தசைய தளர வைக்கற ஒரு சிக்னல். இந்த மூணாவதுதான் சின்னச் சின்ன குழாய்ங்கள்ல ரொம்ப முக்கியம்.

இப்ப வெளியிலயே பொட்டாசியம் நிறைய இருந்தா உள்ள இருக்கறது எப்படி வெளிய வரும்? அந்த மூணாவது வழி ஊமையாயிடும். அதோட குழாய் சுவர்ல இருக்கற தசைக்கும் அதிக பொட்டாசியம் பட்டா கால்சியம் உள்ள போயி அது சுருங்கப் பாக்கும், அத அடக்கறதுக்குத்தான் மெக்னீசியம் சேக்கறாங்க. கிளாம்ப் எடுத்தப்புறம் கொஞ்ச நேரத்துக்கு கரோனரி இறுக்கமா இருக்கறதுக்கு இது ஒரு காரணம். அந்த நேரத்துக்கு நாங்க பிரஷர், ஈசிஜி, எக்கோ மூணுலயும் கண்ண எடுக்க மாட்டோம், தேவைப்பட்டா குழாய விரிக்கற மருந்து போகும். இது குழாய எரிக்கறது இல்ல, அதோட குரல கொஞ்ச நேரம் அமுக்கறது. பொட்டாசியம் கழுவிட்டு போனதும் அந்த சிக்னலும் பெரும்பாலும் திரும்ப வந்துடும்.

இத விட உள் தோலுக்கு ஜாஸ்தி கெடுதல் பண்றது வேற ரெண்டு விஷயம், மெசேஜ்ல அதப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. ஒண்ணு நேரம். ரத்தம் இல்லாம கிடந்த குழாய்க்குள்ள திடீர்னு ரத்தம் பாயும்போது வெள்ளை அணுக்கள் சுவர்ல ஒட்டிக்கும், உள் தோல் வீங்கும், கிளாம்ப் எவ்வளவு நேரம் இருந்துச்சோ அதுக்கு தக்க இதுவும் கூடும். இன்னொண்ணு அழுத்தம். நான் ட்ரெயினிங்ல இருந்தப்போ ஒரு ஆஸ்பத்திரில, பேரு வேணாம், சொல்யூஷன் போற லைன் எங்கயோ மடங்கி இருந்தத யாரும் பாக்கல, மடங்கினத சரி பண்ணதும் ஒரேயடியா வேகமா பாஞ்சிடுச்சு. எங்க சீனியர் அன்னிக்கு கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு: "சொல்யூஷன் எதுவா இருந்தாலும் பரவால்ல, ப்ரெஷர மட்டும் விட்டுடாத!" அந்த பேஷண்ட் நல்லபடியா வீட்டுக்கு போனாரு. ஆனா அன்னிலேர்ந்து என் கண்ணு முதல்ல போறது லைன் ப்ரெஷர் நம்பருக்குத்தான்.

ஜெர்மன் சொல்யூஷன் கேக்கலாமா

மெசேஜ்ல சொல்றது பிரெட்ஷ்னைடர்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளரு உண்டாக்கினது, கஸ்டோடியால்ங்கற பேர்ல வருது. அதுல பொட்டாசியம் 9தான், சோடியத்த ரொம்ப கம்மி பண்ணி வேற வழில ஹார்ட்ட நிறுத்துது, ஹிஸ்டிடின்னு ஒண்ணு போட்டு அமிலத்த உறிஞ்சிக்குது. ஒரு தடவை குடுத்தா ரெண்டு மணி நேரம் கூட தாங்கும்னு நீளமான ஆபரேஷனுக்கு விரும்புவாங்க. ஆனா ஒண்ணரை ரெண்டு லிட்டர் ஊத்தணும், அது உடம்புக்குள்ள கலந்தா ரத்தத்துல சோடியம் சட்டுனு இறங்கும், அதுக்கு நாங்க தனியா பாடுபடணும். டெல் நிடோன்னு இன்னொண்ணு இருக்கு, முதல்ல குழந்தைங்களுக்காக அமெரிக்கால வந்தது, இப்ப பெரியவங்களுக்கும் போடறாங்க, அதுல பேஷண்ட்டோட ரத்தமும் ஒரு பங்கு, கூடவே லிடோகெயினும் மெக்னீசியமும். ரத்தத்தோட கலந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை குடுக்கற பழைய முறையும் இன்னும் பல இடத்துல நல்லா ஓடிட்டு இருக்கு, ரத்தமே ஆக்சிஜனையும் கொண்டு போகுது, அமிலத்தையும் சமாளிக்குது.

அப்பா மாதிரி சாதாரண பைபாஸுக்கு இதுல ஒண்ணுதான் உயிர காப்பாத்தும், இன்னொண்ணு கொல்லும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. ஒரு டீம் தினமும் கையாள்ற சொல்யூஷன்தான் அந்த டீம் கையில பத்திரமானது. சமையல்காரம்மா கையில புது அடுப்ப குடுத்து கல்யாண விருந்து பண்ணச் சொல்ற மாதிரி ஆயிடும், நீங்க கட்டாயப்படுத்தி வேற ஒண்ண போட வெச்சா. எந்த சொல்யூஷன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கேளுங்க. பிராண்ட் கண்டிஷன் மட்டும் போடாதீங்க.

அப்ப பைபாஸுக்கு அப்புறம் மறுபடி ஏன் அடைக்குது? பெரும்பாலும் கால்ல இருந்து எடுத்து ஒட்டற நரம்புல, அதாவது வெயின்ங்கற ரத்தக் குழாய்லதான், அது நடக்குது. பத்து வருஷத்துல கால் நரம்புல கிட்டத்தட்ட பாதி அடைச்சிக்கும், நெஞ்சுக்குள்ள இருந்து திருப்பி விடற மார்புத் தமனி பத்துல ஒன்பது திறந்தே இருக்கும். அந்த கால் நரம்பு, எடுத்ததுக்கும் தைக்கறதுக்கும் நடுவுல, ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்துல கிடக்கும். அது எதுல ஊறுதுங்கறது முக்கியம், வெறும் சலைன்ல ஊறுனா அதோட உள் தோல் பாதிக்கும், அமிலத்தன்மை சமன் பண்ண திரவத்துல வெச்ச நரம்பு கம்மியாத்தான் அடைக்குதுன்னு அமெரிக்கால பெரிய ஆய்வுல பாத்தாங்க. ஓட்டை இருக்கான்னு பாக்க சிரிஞ்ச வெச்சு ஊதறப்ப அழுத்தி ஊதினாலும் அதே கதைதான். நீங்க சண்டை போடணும்னா அந்த கிண்ணத்துக்காக போடுங்க தங்கச்சி. ஆபரேஷன் முடிஞ்சப்புறம் ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, சுகர், சிகரெட், இந்த நாலும்தான் அந்த நரம்பு எத்தனை வருஷம் ஓடும்னு முடிவு பண்ணும். சுகரும் சிகரெட்டும் அப்பாவோட உள் தோல 15 வருஷமா அரிச்சிட்டு இருக்கு. சொல்யூஷன் அத தொடறது ஒரு மணி நேரம்.

வேற வழி இருக்கா

ஹார்ட்ட நிறுத்தாம அடிக்கற ஹார்ட்லயே தைக்கற முறை இருக்கு, அதுல இந்த சொல்யூஷனே வேண்டாம். அயோர்ட்டால சுண்ணாம்பு படிஞ்சவங்களுக்கு அது நல்லது. ஆனா ஆடிட்டு இருக்கற ஹார்ட்ல முடி மாதிரி நூல்ல தைக்கறது கை பழகினவங்க வேலை, பழகாத கைல ஒட்டு சரியா அமையாம போறது உண்டு. சர்ஜன் அதுல அனுபவம் உள்ளவரான்னு கேளுங்க, இல்லன்னா வற்புறுத்தாதீங்க. ஸ்டெண்ட் விஷயத்துல நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். சுகரோட ஒண்ணுக்கு மேற்பட்ட குழாய்ல அடைப்பு இருக்கற 1900 பேர வெச்சு பண்ண ஃப்ரீடம்ங்கற ஆய்வு 2012ல வந்துச்சு. அஞ்சு வருஷத்துல சாவு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மூணும் சேத்து ஸ்டெண்ட் போட்டவங்கள்ல 26.6 சதவீதம், பைபாஸ் பண்ணவங்கள்ல 18.7. ஸ்ட்ரோக் மட்டும் பைபாஸ்ல ஜாஸ்தி, 5.2 சதவீதம், ஸ்டெண்ட்ல 2.4. அத மறைக்காம சொல்லிடணும். மொத்தத்துல அப்பா மாதிரி ஆளுக்கு பைபாஸ்தான் நல்லது. சும்மா மாத்திரையோட தள்ளிட்டு போறதுதான் இருக்கறதுலயே ஆபத்து, ஏற்கனவே ஒரு டேட் போச்சு, கவர்மெண்ட் லிஸ்ட்ல அடுத்தது எப்பன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது.

கையெழுத்து யாரோடது

இது உங்களுக்கு கஷ்டமா இருக்கலாம். அப்பா தெளிவா பேசறாரு, யோசிக்கறாரு, அப்படின்னா சம்மதமும் மறுப்பும் அவரோடது மட்டும். மகளா நீங்க நிறுத்தி வைக்க முடியாது, அந்த மெசேஜ அவருகிட்ட மறைச்சு வெச்சிருக்கறதும் சரியில்ல. நம்ம நாட்டு நேஷனல் ஹெல்த் ஆக்ட், 2003ஓட 61ஆவது சட்டம், 6வது பிரிவு தெளிவா சொல்லுது: என்ன நோய், என்னென்ன வழி இருக்கு, நன்மை, ஆபத்து, செலவு, வேண்டாம்னு சொல்ற உரிமை எல்லாத்தையும் பேஷண்ட்டுக்கு சொல்லணும், முடிஞ்ச வரைக்கும் அவருக்கு புரியற மொழில சொல்லணும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வரும்னு எழுதியிருக்கீங்க, ஆனா பயத்துல இருக்கறப்ப ஆயாவோட பேசற தமிழ்தான் மண்டைல ஏறும்னா அதையும் வாய்விட்டு கேளுங்க. கூட போயி உக்காருங்க. ஒரு பேப்பர்ல இத எழுதிட்டு போங்க: ஹார்ட்ட எதால நிறுத்துவீங்க, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை குடுப்பீங்க, கிளாம்ப் எவ்வளவு நேரம் இருக்கும்னு நினைக்கிறீங்க, மார்புத் தமனி போடுவீங்களா, கால் நரம்ப எதுல ஊற வெப்பீங்க. நல்ல டீமா இருந்தா இத கேட்டதுக்கு சந்தோஷப்படுவாங்க.

வாழைப்பழத்துக்கும் ஆபரேஷன் பொட்டாசியத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா 15 வருஷ சுகர்ல கிட்னி எப்படி இருக்குன்னு பாக்காம நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்யூஷன்ல போன பொட்டாசியத்த வெளிய தள்றது கிட்னிதான், அது மந்தமா இருந்தா ஆபரேஷன் ராத்திரி பொட்டாசியம் ஏறும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட், கிரியேட்டினின், அந்த நம்பர கேட்டு வாங்கிக்கங்க. அது சரியா இருந்தா தினம் ஒரு பழம் தாராளமா சாப்பிடட்டும், சுகர கணக்கு வெச்சுக்கிட்டு. பிரஷருக்குன்னு கடைல விக்கற சோடியம் கம்மியான உப்புல பொட்டாசியம்தான் இருக்கும், டாக்டர கேக்காம அத சமையல்ல போடாதீங்க.

காவடி விஷயம். அறுத்த நெஞ்செலும்பு கூடறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் கனமா எதையும் தூக்கவோ இழுக்கவோ கூடாது. அதனால இந்தத் தைக்கு தோள்ல காவடி வேணாம், முதுகுல கொக்கி மாட்டி ரதம் இழுக்கறது கண்டிப்பா வேணாம், ஆஸ்பிரின் சாப்பிடற உடம்புல அலகு குத்தினா ரத்தம் நிக்காது, சுகர்ல புண்ணும் ஆறாது. கோயிலுக்கு போகட்டும், நிழல்ல உக்காந்து கும்பிடட்டும், அவரோட காவடிய இந்த வருஷம் மட்டும் உங்க தம்பி எடுக்கட்டும். அடுத்த வருஷம் எலும்பு நல்லா கூடியிருந்தா, எக்கோல பம்ப்பிங் நல்லா இருந்தா, கார்டியாலஜிஸ்ட் சரின்னா, அலகு இல்லாம கனமில்லாத சின்னக் காவடி எடுக்கலாம்.